வேர் நனைந்ததா? கோடைத் தோட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

மழை எட்டிக்கூடப் பார்க்காத இந்தக் கோடையில் வந்து குவிந்திருக்கும் கடிதங்களில், வாடிப்போன செடிகளைப் பற்றிய புலம்பலுக்கு இணையாக, தப்பிப் பிழைத்த செடிகளைப் பற்றிய பெருமிதமும் இருக்கிறது. இரண்டுமே மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், கேள்விகளோடு அனுபவங்களையும் இம்முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலானோர் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்ததாக எழுதியிருப்பவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: மாடியில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த வளர்பைகளில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன். இரு வேளையும் அடித்துளை வழியாக வழியும் வரை தண்ணீர் ஊற்றுகிறேன். இருந்தும் செடிகள் வாடியே நிற்கின்றன. வேர் அழுகிவிட்டதா?

பதில்: அழுகலாக இருக்கலாம் என்றாலும், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதற்கு நேர்மாறான ஒன்றையே காட்டுகின்றன. நார்க்கழிவு ஈரமாக இருக்கும் வரை தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். ஒருமுறை முழுவதுமாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. காய்ந்த கலவை சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகுவதால் ஓர் இடுக்கு உண்டாகிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடித்துளையில் வழிந்துவிடுகிறது. வழிவதைப் பார்த்து நாம் நிம்மதியடைகிறோம், நடுவில் இருக்கும் வேர்க்கட்டி காய்ந்தபடியே கிடக்கிறது. இதைக் கண்டறிய, தண்ணீர் ஊற்றிய அரை மணி நேரம் கழித்து ஒரு மெல்லிய குச்சியைத் தண்டுக்குச் சற்றுத் தள்ளி ஆழமாகச் செருகி உருவிப் பாருங்கள்: மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் கருத்து ஈரமாகவும், அதன் கீழே துகள்கூட ஒட்டாமல் வெளுப்பாகவும் குச்சி வந்தால், காரணம் வறட்சிதான். பையைச் சற்றுச் சாய்த்துத் தூக்கிப் பார்த்தாலும் கனத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு மேலிருந்து இன்னும் அதிகமாக ஊற்றிப் பயனில்லை. ஓர் அகலமான தட்டில் அல்லது தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பையை அதில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். மேற்பரப்பு தானாகக் கருத்த பிறகு எடுத்துவிடலாம். பெரிய பைகளுக்கு ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் ஒரு குவளை என்று தவணை முறையில் ஊற்ற வேண்டும். சுவரோரத்து இடுக்கைக் கையால் அழுத்தி மூடிவிட்டு, காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விடுங்கள். கறுப்பு நிறப் பைகளும் சிமென்ட் தொட்டிகளும் மேற்கு வெயிலில் பக்கவாட்டாகவே சூடேறி, சுவரை ஒட்டிய வேர்களைக் கருக்கிவிடுகின்றன என்பதால், அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து வெளிவரிசைக்கு ஒரு சாக்குத் திரை கட்டுவது நல்லது.

நண்பகலில் தளர்ந்து மாலையில் நிமிர்ந்துகொள்ளும் செடியைக் கண்டு பதறத் தேவையில்லை. இலைகள் இழக்கும் வேகத்துக்கு வேர்களால் நீரை அனுப்ப முடியாதபோது, மண்ணில் ஈரம் இருந்தாலும் அது அப்படித்தான் நிற்கும். காலையிலும் வாடியே இருக்கும் செடிக்குத்தான் கவனிப்பு தேவை.

கேள்வி: தரையில் பாத்தி அமைத்திருக்கிறேன். தினமும் குழாயைப் பிடித்துச் சில நிமிடங்கள் தண்ணீர் தெளிக்கிறேன். போதுமா?

பதில்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர் என்பது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். காய்கறிப் பாத்திகளுக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கடும் வெயிலில் அதற்கு மேலும் தேவைப்படும். அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். இதை ஏழாகப் பிரித்துத் தினமும் தெளித்தால் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடும். வேர்களும் ஈரத்தைத் தேடி மேலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் துவண்டுவிடும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, விடியற்காலையில், மண் ஆழம் வரை ஊறும்படி பாய்ச்சுங்கள். மணற்பாங்கான மண்ணுக்கு இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் விதைத்த பாத்திக்கும் இளநாற்றுகளுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு மேல்மண் ஈரமே உயிர்.

கேள்வி: தக்காளிச் செடிகள் செழிப்பாக இருக்கின்றன, கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன, ஆனால் எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. உரத்தை இரட்டிப்பாக்கியும் பயனில்லை.

பதில்: உரத்தை உடனே நிறுத்துங்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. இந்தப் பாதிப்பு பூ மலர்ந்த அன்று ஏற்படுவதன்று, ஒரு வாரம் பத்து நாள் முன்பே மொட்டுக்குள் நிகழ்ந்துவிடுவது. ஆகவே வெயில் தணிந்த பிறகும் சில நாள்கள் உதிர்வு தொடரத்தான் செய்யும். தழைச்சத்து மிகுந்த உரம் புதுத் தளிர்களை உண்டாக்கும், அந்தத் தளிர்கள் இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும். காய்ந்த மண்ணில் இடும் உரத்தின் உப்பு, வேர் நீர் உறிஞ்சுவதையும் தடுக்கும்.

35 முதல் 50 சதவீத நிழல்வலையைச் செடிகளின் தலைக்கு மேல் காற்றோட்டத்துக்கு இடம் விட்டுக் கட்டி, செடியை உயிரோடும் பசுமையோடும் காப்பாற்றினால் போதும். இரவுகள் குளிர்ந்ததும் அது மீண்டும் காய்க்கும். ஏற்கெனவே முற்றிய காய்கள் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றால் அதுவும் வெப்பத்தின் வேலைதான், ஏனெனில் 30 டிகிரிக்கு மேல் போகப்போகச் சிவப்பு நிறமி உருவாவது தடைப்படுகிறது. நிறம் திரும்பத் தொடங்கிய நிலையில் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நன்றாகவே பழுக்கும்.

கேள்வி: எனக்குத் தக்காளி காய்த்தது, ஆனால் காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு வருகிறேன்.

பதில்: சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தகைய காய் ஒன்றைக் காம்பிலிருந்து அடி வரை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். காம்புப் பக்கம் திடமாக, பசுமையாக இருக்கும்; பூ இருந்த முனையில் மட்டும் தோல் போன்ற கறுப்புப் படலமும் அதன் உள்ளே பழுப்பேறிய சதையும் இருக்கும். நீர் வழியாக வரும் கால்சியம் கடைசியாகச் சென்றடைய வேண்டிய இடம் அதுதான். மண்ணில் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும், அது வேரிலிருந்து நீரோட்டத்தோடுதான் மேலே ஏற வேண்டும். வெயிலில் இலைகள் அந்த நீரில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, காய்க்கு மிஞ்சுவது சொற்பம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றும் தோட்டங்களில் இது தவறாமல் வருகிறது. முட்டை ஓடு மண்ணில் கரைய நெடுங்காலம் ஆகும். இந்தப் பருவத்துக் காய்களுக்கு அது உதவப் போவதில்லை. ஈரத்தைச் சீராக வைத்திருங்கள், மூடாக்கு இடுங்கள், பாதிக்கப்பட்ட காய்களைக் கிள்ளிவிடுங்கள். கறுத்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்ணலாம்.

ஒரு வாசகியின் அனுபவம்: பழைய மண்பானைகளைப் பாத்திக்குள் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்தேன். வெளியூர் சென்று திரும்பியபோது, பானைக்கு அருகில் இருந்த மிளகாய்ச் செடிகள் அப்படியே இருந்தன, தள்ளியிருந்தவை கருகிவிட்டன.

பதில்: இந்தக் கோடையில் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பானையைச் சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அது நீரை இழுத்துக்கொள்கிறது. மண் நனைந்ததும் கசிவு தானாகவே குறைந்துவிடுகிறது. எந்த மின்கருவியும் இல்லாமல் மண்ணே தன் தேவையைத் தீர்மானிக்கும் ஏற்பாடு இது. பானை மெருகோ வண்ணமோ பூசாததாக இருக்க வேண்டும். கொசு முட்டையிடாமலும் நீர் ஆவியாகாமலும் இருக்க வாயை இறுக மூட வேண்டும். செடிகளைப் பானையிலிருந்து ஓரிரு சாண் தொலைவுக்குள் நட வேண்டும். தள்ளியிருந்தவை கருகியதற்கு அதுவே காரணம். உப்புநீரைத் தொடர்ந்து ஊற்றினால் நுண்துளைகள் அடைபட்டுக் கசிவு நின்றுவிடும். அப்போது பானையைத் தோண்டி எடுத்து, ஊறவைத்து, நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு மீண்டும் புதைக்கலாம்.

கேள்வி: நண்பகலில் தண்ணீர் தெளித்தால் நீர்த்துளிகள் ஆடிவில்லைபோல் வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்பது உண்மையா?

பதில்: வழவழப்பான இலைகளைப் பொறுத்தவரை உண்மையன்று. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. இலையோடு ஒட்டித் தட்டையாகப் படியும் துளிகளால் தீங்கில்லை. இலைப்பரப்பில் உள்ள மெழுகுத்தன்மை கொண்ட ரோமங்கள் துளியை உயர்த்திப் பிடித்திருந்தால் மட்டும் கருக வாய்ப்புண்டு என்று அது கூறுகிறது. செடி துவண்டு சாகக் கிடக்கும்போது மாலை வரை காத்திருக்க வேண்டாம். நண்பகலானாலும் அடிமண்ணில் ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் சுடுநீரை மட்டும் வேறு இடத்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மிளகாய், கத்தரி இலைகள் வெளுத்து, சாம்பல் தூவியதுபோல் இருக்கின்றன. கடையில் கொடுத்த பூச்சிமருந்தை அடித்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இலையை இரண்டு முறை தட்டுங்கள். மிளகுத்தூள் அளவுகூட இல்லாத புள்ளிகள் தாளில் விழும். சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அவற்றில் சில நகரத் தொடங்கும். இலையின் அடிப்புறத்தில் நரம்புகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை தெரிந்தால் ஐயமே வேண்டாம், அது சிலந்திப்பேன். எட்டுக் கால்கள் கொண்ட இது பூச்சி இனமே அன்று. ஆகவே பல பூச்சிமருந்துகள் இதைக் கொல்வதில்லை, மாறாக இதைத் தின்று வாழும் நன்மை செய்யும் உயிரினங்களைக் கொன்றுவிடுகின்றன. நிலைமை மோசமானதற்கு அதுவே காரணமாக இருக்கும். வெப்பமும் வறண்ட காற்றும் இதற்கு உகந்தவை: 30 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முட்டை முழு வளர்ச்சியடைந்துவிடும்.

மிக மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, அதிகாலையில் இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரைச் சற்று விசையோடு பீய்ச்சுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடருங்கள். பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் முற்றிலும் தாழ்ந்த பின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை என மூன்று முறையாவது தெளிக்க வேண்டும். நீரின்றி வாடும் செடியின் மேல் தெளிக்காதீர்கள். முதலில் வேருக்கு நீர், மறுநாள் மருந்து.

கேள்வி: தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரையும் துணி துவைத்த நீரையும் செடிகளுக்கு ஊற்றுகிறேன். சரியா?

பதில்: ஆர்.ஓ. கழிவுநீரில் உங்கள் குழாய்நீரில் இருக்கும் அதே உப்புகள்தாம் செறிவாக இருக்கின்றன. குழாய்நீர் மென்மையானதாக இருந்தால் அச்சமில்லை. உப்பு மிகுந்ததாக இருந்தால் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும் இலை நுனியில் பழுப்பும் சில வாரங்களில் தெரியும். உப்பே ஏறத்தாழ இல்லாத குளிர்சாதனக் கருவியின் வடிநீரைச் சேர்த்துவைத்து அதோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். துணி துவைத்த நீரில் முதல் அலசல் வேண்டவே வேண்டாம், சோடியம் மிகுதியாக இருக்கும். கடைசி அலசல் நீரை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் மண்ணில் படும்படி ஊற்றலாம். வெளுப்பான்களோ போராக்ஸோ கலந்திருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்களுக்கும் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கியும் வைக்காதீர்கள்.

கேள்வி: சுரைக்கொடியில் ஆண்பூக்களே வருகின்றன. எப்போதாவது வரும் பெண்பூவும் பிஞ்சோடு வெம்பிவிடுகிறது.

பதில்: கொடிவகைகளில் ஆண்பூ முந்துவது இயல்பு, வெப்பம் அதை இன்னும் நீட்டிக்கும். வெம்புவதற்கு, மகரந்தம் சேராதது பெரும்பாலும் காரணம். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. பாகல், பூசணி, வெள்ளரி காலையில் மலர்பவை. எனவே காலையில் போய்ச் சுரைப்பூவைத் தேடிப் பயனில்லை. பொழுது சாய்ந்ததும் புதிதாக மலர்ந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுமுடியில் மெதுவாகத் தடவுங்கள்.

ஒரு வாசகரின் அனுபவம்: கடும் வெயிலில் செம்பருத்தியைக் குட்டையாகக் கவாத்து செய்து, அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பட்டுவிட்டது.

பதில்: வேரையும் இலையையும் ஒரே நாளில் இழந்த செடி பிழைப்பது அரிது. இரண்டு வேலைகளும் முதல் மழை வரை பொறுக்கும்.

கேள்வி: இவ்வளவு வெயிலிலும் விதைக்கக் கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவை வெயிலை விரும்பியே வளரும். கொத்தமல்லி வெப்பத்தில் இலை விடும் முன்பே பூத்துவிடும் என்பதால் அதை இப்போது விட்டுவிடலாம். களை என்று பிடுங்கி எறியப்படும் பருப்புக்கீரையை ஒரு தொட்டியிலாவது விட்டுவையுங்கள். வறட்சி கடுமையானால் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் கரியமில வாயுவை உள்வாங்கும் முறைக்கு மாறிக்கொள்ளும் அரிய செடி அது. விதைகளை மாலையில் ஊன்றி, முளைக்கும் வரை மேலே நனைத்த சாக்கை விரித்து வையுங்கள். முளை தலைகாட்டிய அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.