கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு வயது 47. ஆறு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. பார்வையில் குறை எதுவும் தெரியவில்லை. வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடிக் கடையில் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' செய்து வாங்கிய கண்ணாடியைப் பாவிக்கிறேன். இப்போது எங்கள் குடும்ப வைத்தியர் கண்களை முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்கிறார். கடையில் பார்த்தது போதாதா? இது வலிக்குமா? முடிந்த பின் வேலைக்குப் போகலாமா?

பதில்: கடையிலிருந்த கணினிக் கருவி, உங்களுக்கு எந்த வலுவுள்ள வில்லை தேவைப்படும் என்பதைத் தோராயமாகக் கணித்ததே தவிர, கண்ணின் ஆரோக்கியத்தைப் பார்க்கவில்லை. நீரிழிவு முதலில் தாக்குவது விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்களை. அவற்றில் கசிவும் அடைப்பும் தொடங்கிய பின்னரும், விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்படாதவரை, எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட ஒருவர் தடையின்றி வாசிப்பார். ஆகவே குறை தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு, நோய் கண்டறியப்பட்டவுடனேயே ஒரு தடவையும் அதன் பின் பொதுவாக வருடந்தோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இதுவரை ஒரு தடவையும் பார்க்கவில்லையென்றால் மேலும் தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனை கேள்விகளுடன் தொடங்கும். நீரிழிவின் காலம், உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் எவருக்கேனும் குளுக்கோமா (பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கண் நோய்) இருந்ததா, ஸ்டீராய்ட் மருந்து பாவித்தீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். எனவே கிளினிக் கொப்பி, மருந்துப் பட்டியல், கடைசி எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனி அளவின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவு, பாவிக்கும் கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வெறும் வயிற்றுடன் வர வேண்டும் என்று பலர் தாமாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது தேவையில்லை, உணவையும் மாத்திரையையும் வழமைபோல எடுக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துக்களை வாசிக்கச் சொல்வார்கள். 6/12 என்று எழுதினால், இயல்பான கண் 12 மீற்றர் தூரத்தில் வாசிப்பதை நீங்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறீர்கள் என்று பொருள். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து எது தெளிவு என்று கேட்கும்போது, இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் அப்படியே சொல்லுங்கள். அதுவும் சரியான பதில்தான். சீனியின் அளவு ஏறி இறங்கும் நாட்களில் கண்ணின் இயற்கை வில்லையில் நீரளவு மாறுவதால் பார்வையின் வலுவும் மாறும். அந்த நிலையில் செய்த புதுக் கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமற் போகும் என்பதால், முதலில் சீனியைக் கட்டுப்படுத்துவதே சிக்கனம்.

பின்னர், நாடியையும் நெற்றியையும் தாங்கியில் வைத்து அமர்ந்ததும், ஸ்லிட் லாம்ப் என்னும் நுணுக்குக்காட்டியால் கண்ணின் முன்பகுதி பார்க்கப்படும். கண்ணின் உள்ளமுக்கத்தை ஒரு சிறு காற்றடியால் அளக்கலாம். அல்லது மரத்துப்போகும் சொட்டுடன் செம்மஞ்சள் நிறச் சாயமொன்றை இட்டு, நீல ஒளியில் நுண்ணிய முனையைத் தொடச்செய்தும் அளக்கலாம். இதில் வலி இல்லை, இமைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அமுக்கம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். ஆயினும் அந்த எல்லைக்குள் இருந்துகொண்டே குளுக்கோமா வரக்கூடும் என்பதால், பார்வை நரம்பையும் பார்க்காமல் வைத்தியர் விடமாட்டார்.

உங்கள் வைத்தியர் வலியுறுத்தியது உண்மையில் இதற்கு அடுத்த கட்டத்தையே. கண்மணியை விரிக்கும் சொட்டு சில விநாடிகள் எரியும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கண்மணி விரியும். விரியாத கண்மணி வழியாக விழித்திரையைப் பார்ப்பது சாவித்துவாரத்தின் ஊடாக அறையைப் பார்ப்பது போன்றது, ஓரங்கள் தப்பிவிடும். சிலருக்குக் கண்ணின் முன்பகுதிக் கோணம் ஒடுங்கியிருந்தால் இந்தச் சொட்டு அமுக்கத்தைத் திடீரென உயர்த்தக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே கவனிப்பார்கள். சொட்டிட்ட பின் கண் கடுமையாக வலித்துச் சிவந்தால் உடனே திரும்பிச் செல்ல வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொட்டை மறுத்துவிட்டுப் போகிறவர்களை அடிக்கடி காண்கிறோம். அவர்கள் செய்துகொண்டது பாதிப் பரிசோதனை.

சொட்டிட்ட பின் நான்கு முதல் ஆறு மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். காலி வீதியின் நண்பகல் வெயிலில் அது இன்னும் மோசமாக இருக்கும். ஆகவே குளிர்கண்ணாடியைக் கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிளையும் காரையும் வீட்டில் விட்டுவிட்டு, முடிந்தால் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கணக்கு வேலையோ கணினி வேலையோ செய்பவராயின் அன்று விடுமுறை எடுப்பதே நல்லது. தனியார் நிலையத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கலாம். டீன்ஸ் வீதியிலுள்ள தேசிய கண் வைத்தியசாலை போன்ற அரச நிலையத்தில் கட்டணம் இல்லை, காத்திருப்பு நீளும், காலையிலேயே சென்றுவிடுங்கள்.

இதற்கிடையில் திடீரென மின்னல் வெட்டுப்போல ஒளி தோன்றினால், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், அல்லது ஒரு பக்கத்தில் திரை இறங்குவதுபோல மறைத்தால், முன்பதிவுத் திகதிக்காகக் காத்திராமல் அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.