என்செலடஸில் யாரும் துளை போட்டுப் பார்த்ததில்லையே, பனிக்கு அடியில் கடல் இருப்பது எப்படித் தெரியும்?

கேள்வியின் சாரம் இது: சனியின் நிலாவான என்செலடஸில் இதுவரை எந்தக் கலமும் இறங்கியதில்லை. அப்படியிருக்க, பனிக்குக் கீழே கடல் என்பது வெறும் ஊகம்தானே?

ஊகமாகத்தான் தொடங்கியது. 2005 பிப்ரவரியில் காசினி விண்கலம் முதல்முறை அருகே போனபோதே 1,200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் கடந்தது. சனியின் காந்தப்புலக் கோடுகள் இந்த நிலாவை ஒட்டி வளைந்திருப்பதைக் காந்தமானி பிடித்தது. நடுவில் ஏதோ வாயு மறிப்பதுபோல. இதன் விட்டமே 504 கி.மீ. தான். விநாடிக்கு 240 மீட்டர் வேகம் இருந்தால் எதுவும் இதன் பிடியிலிருந்து தப்பிவிடும். இவ்வளவு சின்ன நிலாவில் வாயு தங்காது. இருக்கிறது என்றால் எங்கிருந்தோ ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். மிஷெல் டோஹர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழு, 1,000 கி.மீ. உயரத்தில் திட்டமிட்டிருந்த ஒரு பயணத்தை இன்னும் கீழே இறக்கச் சொன்னது. ஜூலை 14 அன்று காசினி சுமார் 170 கி.மீ. உயரத்தில் போனது. தென்துருவத்தில் சுமார் 130 கி.மீ. நீளத்துக்கு நான்கு விரிசல்கள்; மற்ற இடமெல்லாம் மைனஸ் 200 டிகிரியில் உறைந்து கிடக்க, இவை மட்டும் சூடு. அந்த ஆண்டு நவம்பரில் எடுத்த படங்களில் அங்கிருந்து பனித்தூள் பீறிடுவது தெளிவாகவே தெரிந்தது.

பலர் இங்கேயே "ஆகவே கடல்" என்று முடித்துவிடுகிறார்கள். தவறு. விரிசலின் இரு பக்கமும் உரசிச் சூடாகி, பனி நேரடியாக ஆவியானாலும் பீறிடும். அதற்குக் கடல் தேவையில்லை.

அந்த ஓட்டையை அடைத்தது உப்பு. ஆவியாகி மறுபடி உறைந்த துகளில் உப்பு அநேகமாக இருக்காது. ஆவி உப்பைத் தூக்கிக்கொண்டு போகாது. காசினியின் தூசி ஆய்வுக் கருவியில் மோதிய துகள்கள் பலவற்றில் எடையில் 0.5 முதல் 2 சதவீதம் வரை சோடிய உப்புகள் இருந்தன. திரவம் துளியாகத் தெறித்து அப்படியே உறைந்தால்தான் இது நடக்கும். பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் என்றும் ஆகிறது. உப்பு அங்கிருந்துதானே கரைந்து வர வேண்டும்?

சரி, தண்ணீர் உண்டு. தென்துருவத்தில் ஒரு குட்டையா, நிலா முழுக்கக் கடலா? 2014இல் வந்த ஈர்ப்பு அளவீடு குட்டை என்ற பக்கமே சாய்ந்தது. அதன் முறை சுவையானது. கலம் கடக்கும்போது நிலாவின் ஈர்ப்பு அதன் வேகத்தைக் கொஞ்சம் மாற்றும். பூமிக்கு வரும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணில் அது தெரியும். விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் பிடிபட்டுவிடும். தொல்லை என்னவென்றால், காசினியின் ஆன்டெனாவும் கேமராவும் கலத்தின் உடம்போடு பொருத்தப்பட்டவை, தனியாகத் திரும்பாது. ஆன்டெனா பூமியைப் பார்த்தால் கேமராவால் நிலாவைப் பார்க்க முடியாது. அதனால் ஈர்ப்புக்கென்று ஒதுக்க முடிந்தது மூன்றே பயணங்கள். தென்துருவத்தில் தரை சுமார் ஒரு கிலோமீட்டர் பள்ளம். அந்த அளவுக்கு அங்கே ஈர்ப்பு குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. அடியில் பனியைவிடக் கனமான ஒன்று ஈடுகட்டுகிறது. அது தண்ணீர்.

என்னைக் கேட்டால் அசைக்க முடியாத சாட்சி அடுத்த ஆண்டு வந்த தள்ளாட்டக் கணக்குதான். என்செலடஸ் 1.37 நாளுக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது, எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு. பாதை சரியான வட்டம் இல்லாததால் முகம் இடமும் வலமுமாக இம்மி ஆடும். ஏழு ஆண்டுக்கும் மேலான படங்களில் ஆயிரக்கணக்கான பள்ளங்களையும் மேடுகளையும் குறித்து அந்த ஆட்டத்தை அளந்தார்கள்: 0.12 டிகிரி. தரையில் ஏறக்குறைய 500 மீட்டர். மேலிருந்து அடிவரை ஒரே கட்டியாக இருந்தால் இதில் கால்வாசிதான் ஆட முடியும். முற்றிக் காய்ந்த தேங்காயைக் குலுக்கினால் பருப்பு ஓட்டைவிட்டுத் தனியே உருள்வது கேட்குமே, அதுபோலப் பனி ஓடும் பாறைக் கருவும் எங்கும் ஒட்டாமல் நிற்கின்றன. குட்டை போதாது, சுற்றிலும் கடல் வேண்டும். பனியின் சராசரி தடிமன் 20 கி.மீ. சொச்சம், தென்துருவத்தில் சில கிலோமீட்டர்தான் என்பதெல்லாம் இந்தக் கணக்குகளைச் சேர்த்துப் போட்டு வந்தவை.

கருவியே ஏமாற்றிய கதையும் உண்டு. கடலடியில் வெந்நீர் ஊற்று இருந்தால், சூடான நீர் பாறையோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வர வேண்டும். மூலக்கூறுகளின் நிறையை வைத்து வாயுக்களை அடையாளம் காணும் கருவியில் ஹைட்ரஜன் ஆரம்பத்திலேயே தென்பட்டது, நம்பத்தான் முடியவில்லை. கருவியின் உள்ளறை டைட்டானியத்தால் ஆனது. விநாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் பனித்துகள் மோதினால் சுவர் பெயர்ந்து புது உலோகம் வெளிப்படும். அது நீரோடு வினைபுரிந்து தானே ஹைட்ரஜனைத் தள்ளும். அதனால் 2015 அக்டோபர் 28 அன்று வேகம் 8.5 கி.மீ. மட்டுமே இருந்த பயணத்தில், 49 கி.மீ. உயரத்தில், வாயு சுவரில் படாமல் நேரே உள்ளே போகும் முறையில் அளந்தார்கள். அப்போதும் 0.4 முதல் 1.4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தது.

தூசிக் கருவிக்கு நேர்மாறு. அதில் துகள் மெதுவாக மோதினால் நீர் மூலக்கூறுகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து கரிமச் சேர்மங்களின் தடத்தை மறைத்துவிடும். 2008இல் விநாடிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில் பிடித்த துகள்களின் தரவை மறுபடி அலசி, முன்பு மறைந்திருந்த கரிமச் சேர்மங்களை 2025இல் வெளியிட்டார்கள்.

"அப்படியானால் உயிர்?" என்றுதான் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். மீத்தேன், ஹைட்ரஜன், என்செலடஸ் பீறிட்ட துகள்களால் ஆன சனியின் E வளையத்தில் 2023இல் தெரிந்த பாஸ்பேட் என்று சாமான்கள் இருக்கின்றன. சமைத்தது யார் என்று சொல்ல காசினிக்கு வழியில்லை. அதன் வாயுக் கருவி நிறை எண் 99 வரைதான் பார்க்கும். அதற்குள்ளேயே நிறை 28இல் ஒரு கோடு விழுந்தால் அது நைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா, எத்திலீனா என்று பிரிக்கத் திணறியது; மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நிறை. 1997இல் ஏவிய கலம் அது. பீறிடும் கடல் ஒன்று வழியில் குறுக்கிடும் என்று அதைக் கட்டியவர்களுக்குத் தெரியாது.