தேக்குப் பெட்டியோட டர்பன்டைன் அனுப்பலாமா?

கேள்வி: அண்ணே, காரைக்குடில பழைய தேக்கு சாமான் விக்கிறேன். கூடவே பாலிஷுக்கு 30 மில்லி டர்பன்டைன் பாட்டில் வச்சு அனுப்பலாமா, கொஞ்சம்தானே?

பதில்: கொஞ்சமோ அதிகமோ, தபால்ல கொடுத்துராதீங்க தம்பி, தீப்பிடிக்கிற பொருள் அங்க தடை. கூரியர் வழியா விமானத்துல போற பார்சலுக்கு சின்ன அளவுக்குன்னு தனிச் சலுகை இருக்கு, டர்பன்டைன்னா ஒரு பாட்டில்ல 30 மில்லி, ஒரு பார்சல்ல மொத்தம் 1 லிட்டர் தாண்டக்கூடாது. நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன்னா மொத்தமே 500 மில்லிதான், ஏன்னா அது இன்னும் சீக்கிரம் பத்திக்கும். ஆனா சும்மா நியூஸ்பேப்பர்ல சுத்தி வைக்கிற கதையெல்லாம் ஆகாது, மூடிய டேப் போட்டு இறுக்கணும், சிந்துனா உறிஞ்சிக்கிற பொருள் உள்ள இருக்கணும், வெளிப்பெட்டி 1.8 மீட்டர் உயரத்துல இருந்து போட்டாலும் கசியாம தாங்கணும், 10 சென்டிமீட்டர் சதுரத்துல ஓரம் கோடு போட்ட, ஆங்கில 'E' எழுத்து இருக்கிற முத்திரையும் ஒட்டணும். இவ்வளவும் செஞ்சாலும் கூரியர்காரங்க வேண்டாம்னு சொல்லலாம், அது அவங்க இஷ்டம். மறைச்சு மட்டும் அனுப்பிராதீங்க. என்னைக் கேட்டா, ஆத்தங்குடி கல்லு கணக்கா பெட்டிய மட்டும் பத்திரமா பேக் பண்ணி அனுப்புங்க, டர்பன்டைன வாங்குறவங்க அவங்க ஊரு பெயின்ட் கடைலயே வாங்கிக்கட்டும்.