கேலரியில் கிடக்கும் பத்திரங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. ஆதார், பத்திரம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் போனில் படமாகக் கிடக்கின்றன. அவற்றை எங்கே பத்திரப்படுத்துவது?

கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரில் ஆவணங்களையும் வைக்கலாம் என்கிறான் என் மகன். உண்மையா? எதில் வைப்பது? (ஆசிரியை, பாலக்கோடு)

உண்மைதான், ஆனால் எல்லா மேனேஜரிலும் முடியாது. குரோமோடு வரும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் கோப்பு இணைக்க வழியில்லை. பிட்வார்டனின் இலவசக் கணக்கிலும் முடியாது, கட்டணக் கணக்கில் முடியும். ஒன்பாஸ்வேர்டில் ஆவணங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் அது முழுக்கச் சந்தாதான். காசு கட்ட வேண்டாம் என்றால் கீபாஸ் வகை இருக்கிறது. கணினிக்குக் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டுக்குக் கீபாஸ்டிஎக்ஸ். கடவுச்சொற்களும் ஆவணங்களும் பூட்டிய ஒரே கோப்புக்குள் இருக்கும். அந்தக் கோப்புக்கு நகல் எடுத்து வைப்பது முழுக்க உங்கள் வேலை. ஒரு பென் டிரைவ் உங்கள் வீட்டில், இன்னொன்று தங்கை வீட்டில் என்று வையுங்கள்.

மகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வான் என்றால் கீபாஸ். இல்லையென்றால் பிட்வார்டனுக்குக் கட்டணம் கட்டிவிடுங்கள். நகல் எடுக்க மறந்து கீபாஸ் கோப்பையே தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. படத்தை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பாஸ்போர்ட் என்றால் அதன் எண், காலாவதி தேதி இரண்டையும் பக்கத்தில் எழுத்தாகத் தட்டி வையுங்கள். படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடினால் கிடைக்காது, தட்டி வைத்தது உடனே கிடைக்கும்.

ஆவணங்களை மேனேஜரில் ஏற்றிவிட்டு கேலரியில் அழித்துவிட்டேன். இனி பயமில்லை அல்லவா? (சிப்காட் ஊழியர், ஓசூர்)

பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். கூகுள் போட்டோஸில் அழித்த படம், பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கேயும் போய் அழிக்க வேண்டும். அப்புறம் வாட்ஸ்அப். நீங்கள் அனுப்பிய ஆதார் படம் உங்கள் போனின் வாட்ஸ்அப்பிலும் பெற்றவர் போனிலும் இன்னும் இருக்கலாம். வாட்ஸ்அப்பின் குறியாக்கம் செய்தி போகிற வழியைக் காக்கும். போய்ச் சேர்ந்து கேலரியில் உட்கார்ந்துவிட்ட படத்தைக் காக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது ஜெராக்ஸ் கடை. சில மாதம் முன்பு ஒரு கடையில் பிரிண்ட் எடுக்க நின்றேன். கடைத் தம்பி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். ஆதார், ஆதார் 1, ஆதார் 2 என்று திரை முழுக்க வரிசை. என் கோப்பைத் தேட அவர் ஒவ்வொன்றாகச் சொடுக்க, யாரோ ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ், யாருடையதோ வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் என் கண் முன்னே வந்து போயின. தம்பி மேல் தப்பில்லை. அன்றைக்கு வரிசை வாசல் வரை நின்றது, அழிக்க அவருக்கு ஏது நேரம்? கேட்க வேண்டியது நாம். பிரிண்ட் எடுத்ததும் “தம்பி, என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்” என்று சொல்லி, அழிக்கும் வரை நின்று பாருங்கள். அடையாளத்துக்கு மட்டும் கேட்கிற இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரின் முதல் 4 எழுத்து, கூடவே பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம்.

டிஜிலாக்கர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? (பென்னாகரம்)

இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. 2015இல் தொடங்கிய, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில், அரசுத் துறையே நேரடியாகத் தரும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். ஓட்டுநர் உரிமம், வண்டி ஆர்.சி.க்கு அதையே வையுங்கள். ஆனால் நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது. அப்பா காலத்துக் கிரயப் பத்திரம், மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்குத்தான் மேனேஜர்.

தாத்தா, அப்பா, என் பெயர்களில் நிலப் பத்திரங்கள் நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்தேன். ஆனால் எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. (விவசாயி, சூளகிரி)

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. உங்கள் ஊர் நகரவில்லை, மாவட்டம் இரண்டு முறை மாறிவிட்டது. 1965க்கு முந்தைய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றிருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 2இல் தர்மபுரி பிரிந்தது. அப்புறம் எழுதியதில் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே ஒரே காட்டுக்கு மூன்று மாவட்டப் பெயரில் காகிதம் இருக்கும். வட்டத்தின் பெயரும் இப்படி மாறியிருக்கலாம்.

மாவட்டப் பெயரை வைத்துக் கோப்புக்குப் பெயரிடாதீர்கள். கிராமம், சர்வே எண், பத்திர எண், ஆண்டு என்ற வரிசையில் வையுங்கள். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருந்தால் இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்து முத்திரை, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம், நான்கெல்லை இவற்றை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்கிறவர்கள் அதிகம். வெற்றுப் பக்கம் என்று தோன்றினாலும் திருப்பிப் போட்டு எடுங்கள்.

பட்டா, சிட்டாவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அரசின் இணையச் சேவையில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அசல் கிரயப் பத்திரம் அப்படியில்லை. வங்கி கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். எத்தனை ஸ்கேன் இருந்தாலும் அசலைப் பீரோவிலோ வங்கி லாக்கரிலோ காப்பாற்றியாக வேண்டும்.

மேனேஜரையே ஹேக் செய்துவிட்டால்? (அரூர்)

நடந்திருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் பயனர்களுடைய பூட்டிய பெட்டகங்களின் நகல்கள் திருடுபோயின. பெட்டி திருடன் கையில் இருந்தாலும், மேனேஜரைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் வலுவாக இருந்தால் உடைப்பது மிகக் கடினம். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் வைத்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தக் கடவுச்சொல்லுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுங்கள். பழமொழி, பாட்டு வரி வேண்டாம்.

விரல் ரேகையில் திறந்து பழகியவர்கள் வாரம் ஒருமுறையாவது அந்தச் சொற்களைக் கையால் தட்டுங்கள். புதுப் போன் வாங்கிய அன்று ரேகை உதவாது. மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

நான் திடீரென்று போய்விட்டால் என் மனைவி இதையெல்லாம் எப்படித் திறப்பாள்? (ஊத்தங்கரை)

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் அப்பா தவறியபோது அவருடைய காகிதங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில், மஞ்சப்பைக்குள் இருந்தன. சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். பதினாறாம் நாள் முடிவதற்குள் பாலிசி, பாஸ்புக், பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அதே காகிதங்கள் அப்பாவின் போனில், அவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லுக்குள் இருந்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பார்?

பிட்வார்டன் கட்டணக் கணக்கில் அவசர அணுகல் என்று ஒரு வசதி உண்டு. மனைவியை அதில் சேர்த்து, காத்திருப்பு நாளைக் குறித்துவிடுங்கள். ஒரு நாளிலிருந்து 90 நாள் வரை வைக்கலாம். அவர் கேட்டு, அதற்குள் நீங்கள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். ஏழு நாள் போதும் என்பது என் கருத்து. கீபாஸ் என்றால் முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அசல் பத்திரங்களோடு வையுங்கள். எழுதவே கூடாது என்பார்கள் சிலர். வீட்டுப் பீரோவில் பூட்டிய தாளை ரஷ்யாவிலிருந்து யாரும் ஹேக் செய்ய முடியாது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனையும் அந்த உறையையும் அவர் கையில் கொடுத்து, “என் இன்சூரன்ஸ் பாலிசியை எடு பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்துக்கான வழியை அதே தாளில் அவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.