‘டர்ஃப்’ என்றால் எந்த டர்ஃப், தம்பி?

(மைதானம் அமைப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, முப்பது வருடம் விளையாட்டுத் தளம் போட்டு ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கோவில்பட்டி பக்கம் எங்கள் கிராமம். பொது இடம் வடக்கு தெற்காக 45 மீட்டர், கிழக்கு மேற்காக 30 மீட்டர். கரிசல் மண். ஹாக்கி, வாலிபால், கபடி ஆடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் பேஸ்கட்பாலும் கேட்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் தருகிறார்கள். “50 மில்லிமீட்டர் உயர டர்ஃப் (செயற்கைப் புல்) விரித்தால் எல்லா ஆட்டமும் ஆடலாம்” என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா ஐயா?

பதில்: அவர் காட்டும் சாம்பிள் துண்டில் ஒரு ஹாக்கிப் பந்தை உருட்டிப் பாருங்கள் தம்பி. இழுபட்டு நின்றுவிடும். அந்த உயரப் புல் கால்பந்துக்கானது. ஹாக்கிக்கு ஏறக்குறைய 12 மி.மீ. உயரத்தில், கட்டையாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடியது 1976 மான்ட்ரியலில்தான். பெரிய மைதானங்களில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நனைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பக்கம் அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது? மணல் தூவிய ரகம் என்று கேளுங்கள். அதை நனைக்க வேண்டாம்.

வாலிபாலுக்கும் பேஸ்கட்பாலுக்கும் புல்லே வேண்டாம். கான்கிரீட் தளம் போட்டு மேலே அக்ரிலிக் பூச்சு கொடுங்கள். பேஸ்கட்பால் கோர்ட் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32க்கு 19. வாலிபாலின் 18க்கு 9 கோட்டை அதற்குள்ளேயே வேறு நிறத்தில் போட்டுவிடலாம். நீளம் வடக்கு தெற்காகவே இருக்கட்டும், சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. பக்கத்தில் மிஞ்சும் 11 மீட்டர் பட்டையில் ஹாக்கிப் பயிற்சிப் புல். முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம். உங்கள் இடத்தில் அந்த ஆசை வேண்டாம். தலைமாட்டில் 13 மீட்டர் மிஞ்சுகிறது. அங்கே கபடி, மண்ணிலேயே. நல்ல செம்மண் கொட்டிச் சலித்துப் போட்ட தரையை விட்டுவிட்டு, வெயிலில் கிடந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும் கபடி விரிப்பை (மேட்) எதற்கு வாங்குவது?

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். மேலே என்ன விரிக்கிறீர்கள் என்பதைவிடக் கீழே என்ன கிடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. கரிசல், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். மேலே எது போட்டாலும் கூடவே தூக்கும். மண் பரிசோதனை செய்து எவ்வளவு ஆழம் தோண்டுவதென்று முடிவு செய்யுங்கள். உங்கள் சீமையில் நான் பார்த்த ஒரு வேலையில் மூன்றடி கரிசலை அள்ளிவிட்டுச் சரளை நிரப்பி, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். நன்கொடை கொடுத்தவர்கள் வந்து, “பணத்தையெல்லாம் குழியில் போட்டீர்களே” என்றார்கள். அது உண்மைதான்.

கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் ஷீட் கட்டாயம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளிக்கூடக் கோர்ட்டில் ஷீட் விரிக்காமல் விட்டுவிட்டேன். ஐப்பசி மழை முடிந்து வெயில் ஏறியதும் பச்சைப் பூச்சு அப்பளம் மாதிரி ஆங்காங்கே எழும்பியது. ஒரு கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தோம்.

கொத்தனார் தரையைக் கண்ணாடியாக இழைத்துத் தருகிறேன் என்பார். வேண்டாம். ஈரத்தோடு துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பூச்சு பிடிக்கும். 28 நாள் ஆறவிடுங்கள், திறப்பு விழாத் தேதிக்காக அவசரப்படாதீர்கள். வாட்டம் ஒரே பக்கமாக, நூற்றுக்கு ஒன்று. 19 மீட்டர் அகலத்தில் 19 சென்டிமீட்டர் இறக்கம். நடுவில் தூக்கி ஆமை முதுகாகப் போடுபவர்கள் உண்டு, விடாதீர்கள். பூச்சுக்கு முன் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்காவது தேங்கியிருந்தால் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வையுங்கள். நாணயம் மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகுதான் பாக்கிப் பணம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கால்பந்து டர்ஃப் போட்டிருக்கிறோம். குழந்தைகள் ஷூவில் கறுப்புக் குருணை வீடு முழுக்க வருகிறது. பகலில் கால் வைக்க முடியாத சூடு வேறு. என்ன செய்வது?
— ஒரு தாய், ஆவடி

பதில்: அம்மா, புல் இழைகளுக்கு நடுவே நிரப்பும் அந்தக் குருணை பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் போட்ட விதிப்படி, இப்படிப்பட்ட பிளாஸ்டிக், ரப்பர் குருணை விற்பனை அங்கே 2031 அக்டோபரோடு நிற்கிறது. மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதுதான் காரணம். கார்க், தேங்காய் நார்த்தூள் போட்ட டர்ஃப்களும் வந்துவிட்டன. நம் மழைக்கு நார்த்தூள் அடித்துப் போகும், ஓரத்தில் தடுப்புக் கட்டை வேண்டும். இருக்கிற டர்ஃபுக்கு, வாசலில் ஆழமான கம்பித் தட்டும் பிரஷ்ஷும் வைத்து, ஷூவைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்று விதி போடுங்கள். மழைநீர்க் கால்வாயில் சல்லடை பொருத்துங்கள்.

சூட்டுக்கு மருந்து இல்லை. உச்சி வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் இறங்கும், மறுபடி ஏறும். சித்திரை, வைகாசியில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை கேட்டைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள்.