மினிமம் டியூ கட்டிக்கொண்டே மாலத்தீவு போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 30. கோவையில் ஐ.டி. வேலை, கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 24,000 ரூபாய். திருமணமாகி எட்டு மாதமாகிறது, இன்னும் ஹனிமூன் போகவில்லை. பிப்ரவரியில் மாலத்தீவு போக ஒரு ஏஜென்ட் 2.40 லட்சத்துக்கு பேக்கேஜ் தருகிறார்: கொச்சியிலிருந்து விமானம், ரிசார்ட்டில் 4 இரவு, காலை, இரவு உணவு, ஸ்பீட் போட். புது கிரெடிட் கார்டு ஒன்று எடுத்து 12 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில் (வட்டியில்லாத் தவணை) போட்டால் மாதம் 20,000தான் என்கிறார். அந்த கார்டில் ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசமாம். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மாதச் செலவு: வாடகை 14,000, குடும்பம் 24,000, பெற்றோருக்கு 8,000, பைக் இஎம்ஐ 4,500, பர்சனல் லோன் 10,700, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 5,000. பழைய கிரெடிட் கார்டில் 1.40 லட்சம் பாக்கி (லிமிட் 3 லட்சம்). அதில் 80,000 கல்யாணச் செலவு, 60,000 அக்கா கணவருக்காக வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். மினிமம் டியூ (பில்லில் கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்சத் தொகை) 7,000 ஒரு மாதம்கூட தவறியதில்லை. மொய்ப் பணம் 1.10 லட்சம் அவசரத் தேவைக்காக எஃப்டியில் இருக்கிறது. கடன் வாங்கி ஹனிமூன் போவது தவறா? ‘தள்ளிப்போட்டால் போகவே மாட்டோம்’ என்கிறார் மனைவி.

பதில்: பட்ஜெட் போடுங்கள், செலவை எழுதிவையுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஹனிமூன் போக ஆசைப்படுவதிலும் தவறில்லை. ‘ஒரு மாதம்கூட தவறியதில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மினிமம் டியூதான் பிரச்னை.

உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மாத வட்டி 3.5, 3.6, 3.75% என்று ஏதோ ஒன்று இருக்கும். 3.6% என்றே வைத்துக்கொள்வோம். அந்த வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக மாதம் 4.25%, ஆண்டுக்கு 51%. 1.40 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 5,950. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலுக்குப் போவது ஆயிரம் சொச்சம். எட்டு மாதத்தில் 56,000 கட்டியிருக்கிறீர்கள். அதில் ஏறக்குறைய 47,600 வட்டி. மீதி எட்டாயிரமாவது பாக்கியில் குறைந்திருக்க வேண்டும், அதுவும் குறையவில்லை. அதே கார்டில் பெட்ரோலோ மளிகையோ தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முந்தைய பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லா 45, 50 நாள் சலுகை கிடையாது. இன்று 500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால் இன்றிலிருந்தே வட்டி ஓடும். இந்த நிலைமையில் மாலத்தீவு போனால் என்ன ஆகும்?

2.40 லட்சத்தோடு செலவு நிற்காது. முதலில் டிசிஎஸ், அதாவது பேக்கேஜ் விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி. வெளிநாட்டு பேக்கேஜுக்கு 2025-26 நிதியாண்டு விதிப்படி 10 லட்சம் வரை 5%, அதாவது 12,000 ரூபாய் கூடுதலாக வசூலிப்பார்கள். இது போய்விடும் பணமல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கான படிவத்தை (2025-26-ல் 12பிஏஏ) கம்பெனியில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே குறைப்பார்கள். ஆனால் இப்போது கையிலிருந்து போக வேண்டும்.

அடுத்து மாலத்தீவின் பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இருவருக்கு 4 இரவு 96 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 8,600. பேக்கேஜில் இது சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். சொன்ன பட்டியலில் இல்லை. மதியச் சாப்பாடும் பட்டியலில் இல்லை. ரிசார்ட் தீவில் வெளியே போய் சாப்பிட வேறு கடை கிடையாது. மெனுவில் 40 டாலர் என்று இருந்தால் அதன் மேல் 10% சர்வீஸ் சார்ஜ், அந்தத் தொகையின் மேல் 17% சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலைக்கு முன் 16%). 40 டாலர் 51 டாலருக்கு மேல் போகும். இருவர், நான்கு நாள் என்றால் 412 டாலர், 37,000 ரூபாய். ஒரு ஸ்னார்க்கெலிங், ஜூஸ், தண்ணீர் என்று இன்னொரு 15,000 சேர்த்தால் தீவில் மட்டும் 60,000.

இதைப் பழைய கார்டில் தேய்த்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பொதுவாக 3.5%, ஜிஎஸ்டியோடு 4.13%: 2,480 ரூபாய். அதன் மேல் முதல் நாளிலிருந்தே வட்டி, முதல் மாதத்துக்கு 2,550. ஒரே மாதத்தில் 5,000 காலி.

நோ-காஸ்ட் இஎம்ஐ விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது வேறு கணக்கு. ஏஜென்ட் விலையில் ஒரு தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுவார், வங்கி அதையே வட்டியாக எடுத்துக்கொள்ளும். 15% வட்டி, 12 மாதம், மாதம் 20,000 என்றால் உண்மையில் வங்கி கொடுக்கும் கடன் 2.22 லட்சம்தான். 18,400 வட்டி. அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 3,300-ஐ நீங்கள் கட்ட வேண்டும், பிராசசிங் கட்டணம் தனி. ஏஜென்டிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “ரொக்கமாகக் கொடுத்தால் 2.22 லட்சத்துக்குத் தருவீர்களா?” அவர் முகம் மாறுவதிலேயே பதில் தெரிந்துவிடும். லவுஞ்ச் கார்டும் வேண்டாம். ஒரு இட்லி, காபிக்காக இரண்டாவது கார்டு எதற்கு?

சரி, எல்லாவற்றையும் மீறிப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிய செலவெல்லாம், கார்டுக்கான 7,000 உட்பட, 73,200. மிச்சம் 12,800. அதில் 20,000 இஎம்ஐ எப்படிக் கட்டுவீர்கள்? மாதம் 7,200 துண்டு விழும். அது எங்கே போய் உட்காரும் என்று உங்களுக்கே தெரியும். 1.40 லட்சம், தீவுச் செலவு 60,000, மாதாமாதம் விழும் துண்டு, பாக்கி ஏற ஏற மினிமம் தொகையும் ஏறும் கணக்கு எல்லாம் சேர்ந்து அடுத்த பிப்ரவரிக்குள் பழைய கார்டு பாக்கி 3 லட்சத்தைத் தொட்டுவிடும். உங்கள் லிமிட்டும் அதுதான்.

ஆகவே முதல் வேலை எஃப்டியை உடைப்பது. 1.10 லட்சம் எஃப்டி 7% வட்டியில் மாதம் 640 ரூபாய் சம்பாதிக்கிறது. அதே 1.10 லட்சம் கார்டுக் கடன் மாதம் 4,675 தின்கிறது. அவசரத் தேவைக்கு என்று வைத்திருக்கிறீர்கள். அந்த அவசரம் வந்து எட்டு மாதமாகிறது. முன்கூட்டி எடுப்பதற்கான அபராத வட்டி ஒரு பொருட்டே இல்லை. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம்தான், நோட்டில் பெயர்கள் இருக்கும். திருப்பும் முறை வரும்போது கார்டுக் கடன் இல்லாத வீட்டிலிருந்து செய்வது சுலபம்.

பாக்கி 30,000 ஆகும். எஸ்ஐபியை இரண்டு மாதம் நிறுத்துங்கள் (விற்க வேண்டாம், நிறுத்தினால் போதும்). 12,800, 7,000, 5,000 சேர்த்து மாதம் 24,800 கிடைக்கும். முதல் மாதம் 24,000, அடுத்த மாதம் மிச்சம் முழுவதும் கட்டினால் கார்டு பூஜ்யம். அதற்கடுத்த பில்லில் ஒரு சின்ன வட்டி வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது. ‘முழுதாகக் கட்டிவிட்டோமே’ என்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் பலர். பிறகு அதற்கு லேட் ஃபீ, மறுபடி வட்டி. அதையும் கட்டுங்கள். அதுவரை அந்த கார்டில் எதையும் தேய்க்கக் கூடாது. பிறகு ஆட்டோ பேயில் ‘மினிமம்’ என்று இருப்பதை ‘முழுத் தொகை’ என்று மாற்றிவையுங்கள்.

அக்கா கணவர் எவ்வளவு திருப்பித் தருகிறார் என்று எழுதவில்லை. மாதம் 2,500 தந்தாலும் அது வட்டிக்குத்தான் சரியாக இருந்திருக்கும். 60,000-க்கு மாத வட்டி 2,550. அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சண்டையாக வேண்டாம், ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள். “கார்டை நான் அடைத்துவிட்டேன் மாமா, இனி வட்டி வேண்டாம், அசலை மாதம் 5,000 வீதம் என் அக்கவுன்ட்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள்” என்று கேட்கலாம். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து டிவி வரும், ஏசி வரும். ‘கார்டை கேன்சல் பண்ணப் போறேன்’ என்று சொல்லிவைப்பது உங்கள் இஷ்டம்.

இப்போது உங்கள் மனைவி சொன்னது. தள்ளிப்போட்டால் போக மாட்டோம் என்பது நியாயமான பயம்தான். அதனால் தேதியை வைத்துத் தள்ளிப்போடுங்கள்: டிசம்பர் முதல் இரண்டு வாரம். தென்மேற்குப் பருவமழை முடிந்து கடல் அடங்கியிருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விலை ஏற்றம் இன்னும் தொடங்கியிருக்காது. ஏப்ரலிலிருந்து எஸ்ஐபியை மீண்டும் தொடங்கிய பிறகும் மாதம் 19,800 மிஞ்சும். அதில் 18,000-க்கு மனைவி பெயரில் 6 மாத ஆர்டி, சம்பளம் வந்த மறுநாள் பிடித்தமாகும்படி. செப்டம்பர் வரை 1.08 லட்சமும் கொஞ்சம் வட்டியும். அதில் விமானமும் அறையும். அக்டோபர், நவம்பர் பணம் 36,000-ஐ டாலர் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். ‘டிராவல் எஸ்ஐபி’ என்று ஸ்மால் கேப் ஃபண்டைக் காட்டுவார்கள். எட்டு மாதப் பணத்துக்கு அது தேவையே இல்லை.

1.44 லட்சம் போதுமா? நான்கு இரவும் ரிசார்ட் என்றால் போதாது. மூன்று இரவை மாஃபுஷி, துலுஸ்தூ மாதிரி ஊர்த்தீவுகளில் கெஸ்ட் ஹவுஸில் வையுங்கள். தோராயக் கணக்கு: விமானம் இருவருக்கு 40,000, அறை வரியோடு இரவுக்கு 90 டாலர் வீதம் 24,300, பசுமை வரி சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் 6 டாலர்தான், ஆக 3,240, ஸ்பீட் போட் போக வர 9,000, சாப்பாடு 18,000, ஸ்னார்க்கெலிங்கும் ஒரு ரிசார்ட் டே பாஸும் 18,000. மொத்தம் 1.13 லட்சம். மிச்சத்தில், தலைநகர் மாலேவுக்கு அருகில் ஸ்பீட் போட்டிலேயே போகக்கூடிய ஒரு ரிசார்ட்டில் கடைசி இரவு. தூரத்துத் தீவு மலிவாகத் தெரிந்தால் கடல் விமானக் கட்டணத்தைக் கேளுங்கள். அறை விலையில் மிச்சமானது அதில் போய்விடும். வெளிச்சத்தில் மட்டுமே அது பறக்கும், சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றைய இரவு அறை வாடகை தனி.

ஊர்த்தீவுகளில் மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. அது ஒத்துவரும் என்றால் குறை ஒன்றும் இல்லை. விமானத்தையும் அறையையும் நீங்களே தனித்தனியாக பதிவு செய்தால் பேக்கேஜ் டிசிஎஸ் வராது. அங்கே கார்டு மெஷின் ‘ரூபாயா, டாலரா’ என்று கேட்டால் டாலரை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. புறப்படும் முன் 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற மாலத்தீவு அரசின் பயணிகள் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம், பணம் கேட்டால் அது போலித் தளம்.

ஏஜென்டிடம் கொடுத்த 10,000-ஐ டிசம்பர் பயணத்தின் விமான டிக்கெட்டுக்கு ஈடுகட்டித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கார்டின் இரண்டு மாத வட்டிகூட ஆகாது.