சைக்கிள் கேள்வி பதில்: மங்கிப்போன ரேஸ் ஹேண்டில்பார்

கேள்வி: பிரான்சில் இருந்த பெரியப்பா 1970களில் வாங்கிய பெஜோ ரேஸ் சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. விழுந்ததில் அதன் வளைந்த ஹேண்டில்பார் ஒரு பக்கம் கோணிவிட்டது. காயலான் கடையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன், ஆனால் சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கிறது. வாங்கி, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட முடியுமா சார்?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பாலிஷ் அப்புறம். முதலில் கடைக்கு ஒரு காந்தத்தையும் வெர்னியர் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டினால் அது குரோம் முலாம் பூசிய இரும்பு, அதைத் தேய்த்தால் முலாம்தான் போகும். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் துருவை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒட்டாவிட்டால் அலுமினியம், நீங்கள் கேட்கிற வேலை அதில் நடக்கும்.

அடுத்து அளவு. ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் கழுத்து, கவ்விப் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜப்பான், இங்கிலாந்து பழைய வண்டிகளில் பெரும்பாலும் 25.4 மி.மீ., இத்தாலிய வகையில் 26.0, இத்தாலியின் சினெல்லி கம்பெனியுடைய பழையவை 26.4, இப்போது வருகிறவை 31.8. உங்களுடையது பழைய பிரெஞ்சு வண்டி என்பதால் 25.0 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அரை மி.மீ. கூட இல்லையே, ஸ்குரூ டிரைவரை விட்டு ஸ்டெம்மை நெம்பி நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி நுழைக்கும்போது விழுகிற கீறலிலிருந்துதான் பிற்பாடு விரிசல் ஓடும். கடையில் இருப்பது 25.4 என்றால் அதற்கேற்ற ஸ்டெம்மை மாற்றுவதே நல்லது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: பிரெஞ்சு வண்டியின் ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இறங்கும் ஸ்டெம் காம்பு 22.0, மற்ற நாட்டுப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் 22.2. அந்த 0.2-ஐ உள்ளே இறங்கும் நீளத்துக்கு மட்டும் வாட்டர் பேப்பரால் சுற்றிச் சுற்றித் தேய்த்து இறக்குவார்கள். பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வழக்கமான வேலைதான்.

அகலத்தையும் பாருங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே இருக்கும் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் போதும். சில கம்பெனிகள் முனையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கும், சில வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளக்கும். அதனால் பொறித்திருக்கும் எண்ணை நம்பாமல் அளவு டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கைப்பிடிக்காகப் பழைய ஹேண்டில் டேப் சுற்றியிருந்தால் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வருஷக்கணக்கில் உள்ளே இறங்கிய வியர்வை உப்பு அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக நிற்கும். பொடியைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால், அதிலும் பிரேக் பிடி இறுக்கும் இடத்தில் இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஸ்டெம்மின் ஓரம் உட்காரும் இடத்தில் முடி மாதிரி மெல்லிய கோடு ஓடுகிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கோணிய கம்பியை நிமிர்த்திப் போடும் யோசனையும் வேண்டாம். இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும், அலுமினியம் பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

சரி, இனி பாலிஷ். மங்கலாகத் தெரிவது அழுக்கு மட்டும் இல்லை, பெரும்பாலும் அனோடைஸ் செய்த படலம், அதாவது அரிப்பைத் தடுக்க மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் உண்டாக்கிய ஆக்சைடு பூச்சு. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இரண்டு முனைகளையும் அழுத்தாமல் கம்பிமேல் வையுங்கள். பீப் சத்தம் வராவிட்டால் படலம் இன்னும் இருக்கிறது. அது போகாமல் எவ்வளவு பிராஸோ (மெட்டல் பாலிஷ்) தேய்த்தாலும் கண்ணாடிப் பளபளப்பு வராது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சீக்கிரம் போய்விடும் என்பார்கள். போகும்தான், ஆனால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, நுரைத்து வருவது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன், போதாக்குறைக்குக் கொஞ்சம் அசந்தால் உலோகத்தையும் தின்றுவிடும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதற்கு அவசியமும் இல்லை. டேப் சுற்றிய பிறகு வெளியே தெரிவது ஸ்டெம்முக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம்தான். மற்ற இடமெல்லாம் டேப்புக்குள் வியர்வையில் ஊறப்போகிறது, அங்கே இருக்கும் அனோடைஸ் படலம்தான் காவல், அதை ஏன் சுரண்ட வேண்டும்? ஸ்டெம் கவ்வும் இடத்தையும் தொடாதீர்கள், தேய்த்துத் தேய்த்து விட்டம் குறைந்தால் பிடிப்பு போய்விடும். ஆக மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டிவிட்டு, 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 1000, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போங்கள். முந்தைய பேப்பரின் கோடுகள் முழுக்க மறைந்த பிறகே அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். பொறுமை போவது 400-ல்தான், அதைத் தாண்டிவிட்டால் சட்டென்று முடியும். கடைசியில் மெட்டல் பாலிஷும் பனியன் வேஸ்ட்டும். துணி கருகருவென்று ஆகும், பயப்பட வேண்டாம், அது அலுமினியம்தான். கறுப்பு வருவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் தேயுங்கள். படலம் இல்லாத அலுமினியம் உங்கள் ஊர் கடல்காற்றில் சீக்கிரம் மங்கும் என்பதால் கார் வாக்ஸ் ஒரு கை பூசி, மங்கும்போதெல்லாம் மறுபடி பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேர் ஹேண்டில் வைத்த என் எம்டிபி (மவுன்டன் பைக்) சைக்கிளுக்கு வளைந்த ஹேண்டில் போட்டால், இருக்கிற பிரேக் பிடியையே அதில் மாட்டலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாட்டாது. நேர் ஹேண்டிலின் பிடிக்கும் இடம் 22.2 மி.மீ., வளைந்ததில் 23.8. ரேஸ் பிடியைப் புதிதாக வாங்கினாலும், உங்கள் வண்டியில் இருப்பது வி-பிரேக் (இரண்டு நீளக் கைகள் சக்கர விளிம்பை அழுத்தும் பிரேக்) என்றால், அதற்கு ஒத்துவராது. வி-பிரேக் அதிகக் கேபிள் இழுப்பைக் கேட்கும், சாதாரண ரேஸ் பிடி அவ்வளவு இழுக்காது. வி-பிரேக்குக்கென்றே ரேஸ் பிடிகள் தனியாக வருகின்றன, தேடிப் பாருங்கள். கியர் மாற்றும் பிடிக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும். இதெல்லாம் போக, எம்டிபி ஃபிரேம் நேர் ஹேண்டிலுக்காக நீளமாகச் செய்தது. வளைந்ததைப் போட்டால் கை இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால் குட்டை ஸ்டெம்மும் வாங்க வேண்டிவரும். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பழைய ரோடு சைக்கிள் ஒன்றே வந்துவிடும் போல!

கேள்வி: கார்பன் ஹேண்டில்பாரில் கீறல், வாட்டர் பேப்பர் போடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. மேல்பூச்சைத் தாண்டினால் இழை அறுபடும். கீறல் ஆழமாக இருந்தாலோ வண்டி பலமாக விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.